திருவிழாவும் மனித மனமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மனித மனத்தைப் பற்றி இக்கால விஞ்ஞானம் கண்ட புதுமைகளுட் சிலவற்றை எடுத்துரைக்கும்படி சங்கத்தார் பணித்தனர். மனமோ ஆழங்காண முடியாத கடல். அதன் கரை முழுவதையும் ஒரு மாலைப் பொழுதில் சுற்றிவருதல் யாவர்க்கும் இயலாது. ஆகவே, நாம் எல்லோரும் நன்கு பழகிய ஒரு துறையில் மாத்திரம் இறங்கிப் பார்ப்போம். அத்துறை திருவிழா. பறை முழங்க, காவடி ஆட, தீக்குழி கனல, ஆயிரம் பேர் ஓரிடத்திற் கூடி நிற்கும்பொழுது மனிதனுடைய உடலினுள்ளும் உள்ளத்தினுள்ளும் நிகழ்வது யாது? இந்த வினா மிகப் பழையது. ஆனால் கருவி கொண்டு அளந்து விடை தேடியவர்கள் அண்மைக் காலத்தவரே. அவர்கள் கண்டவற்றுட் சில நம்மை வியக்க வைப்பன; சில நம்மை எச்சரிப்பன. இரண்டையும் இன்று கூறுவோம்.

முதலில் தீமிதிப்பை எடுத்துக்கொள்வோம். கதிர்காமத்திலும், உடப்பு, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயங்களிலும், நமது மலைநாட்டுத் தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் பலவற்றிலும் நாம் காணும் காட்சி அது. கால் ஏன் வேகவில்லை என்று கேட்டால், "எல்லாம் அம்மன் அருள்" என்பர் பெரியோர். "காலிலே ஏதோ மருந்து பூசியிருக்கிறார்கள்" என்பர் எம்போன்ற இளைஞருட் சிலர். இவ்விரு விடைகளிலும் ஒரு குறை உண்டு. இரண்டும் பார்த்தறியாமற் சொல்லப்படுவன.

பார்த்தறிய முயன்றவர்களும் இருந்தார்கள். 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹரி பிரைஸ் என்னும் ஆராய்ச்சியாளர், காஷ்மீரத்தைச் சேர்ந்த குடா பக்ஸ் என்பவரைக் கொண்டு ஒரு தீமிதிப்புப் பரிசோதனை நடத்தினார். வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் சூழ்ந்து நின்றனர். பாதங்களைப் பரிசோதித்தனர். மருந்து ஏதும் பூசப்படவில்லை. தணலின் மேற்பரப்பின் வெப்பநிலை 430 பாகை சென்ரிகிரேட் எனக் கண்டனர். குடா பக்ஸ் நடந்தார்; பாதம் கொப்பளிக்கவில்லை. ஆக, மருந்துப் பூச்சு என்ற ஐயம் அன்றே நீங்கிற்று.

அப்படியாயின் காரணம் யாது? நமது பேக்கரிகளிற் பாண் சுடும் போறணையை நினைத்துப் பாருங்கள். போறணைக்குள்ளே காற்று இருக்கிறது, பாண் இருக்கிறது, பாணைத் தாங்கும் இரும்புத் தட்டும் இருக்கிறது. மூன்றும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருப்பன. பாண் போடுகிறவர் கையை உள்ளே நீட்டுகிறார். காற்று அவர் கையைச் சுடுவதில்லை. பாணைச் சற்றுத் தொட்டுப் பார்க்கிறார், பெரிதாகச் சுடுவதில்லை. தவறித் தட்டிற் கை பட்டுவிட்டால் அப்பொழுதே கொப்பளித்துவிடுகிறது. சூட்டின் அளவு ஒன்றே எனினும், சூட்டைக் கடத்தும் திறமை பொருளுக்குப் பொருள் வேறுபடுகின்றது என்பது இதனாற் புலப்படும். கரித் தணல் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். அதன்மேற் படிந்த சாம்பல் இன்னும் மந்தமானது. பாதமோ நீர்ச்சத்து மிகுந்த தசை, எளிதிற் சூடேறாது. ஒவ்வோர் அடியும் தணலிற் படிந்திருப்பது ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரம். இவை யாவும் சேர்ந்தே பாதத்தைக் காக்கின்றன.

நம் இலங்கையிலும் இதனை ஆராய்ந்தார் ஒருவர். உடற்றொழிலியற் பேராசிரியராக விளங்கி 2019ஆம் ஆண்டிற் காலமான கார்லோ பொன்சேகா அவர்கள், இலங்கை வைத்திய சஞ்சிகையில் 1971ஆம் ஆண்டில் தீமிதிப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். செருப்பின்றி நடந்து பழகியவர்களின் பாதத்தோல், சப்பாத்து அணிந்து பழகியவர்களின் பாதத்தோலைக் காட்டிலும் நெடுநேரம் சூட்டைத் தாங்குகின்றது என்பது அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று. தேயிலை மலைகளில் வெறுங்காலோடு ஏறியிறங்கிய நமது பாட்டன், பாட்டிமாரின் பாதங்கள் எத்தகையன என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே ஒரு வார்த்தை. தணல் சுடாது என்று நாம் கூறவில்லை. தயங்கி நின்றாற் சுடும்; இடறி விழுந்தாற் சுடும்; தணலிடையே கல்லோ இரும்புத் துண்டோ கிடந்தால், போறணைத் தட்டுப் போலவே சுடும். ஆண்டுதோறும் உலகில் எங்காவது தீமிதிப்பிற் காயப்படுவோர் இருக்கத்தான் செய்கின்றனர். "உன் பக்தி குறைவு, அதனாலே சுட்டது" என்று அவர்களை இழிவாகப் பேசுதல் கொடிது. சுட்டதற்குக் காரணம் பௌதிகம்; அவர்கள் மனத்தின் மாசன்று.

"அப்படியாயின் தீமிதிப்பில் அதிசயம் ஒன்றுமே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அது பாதத்தில் இல்லை, நெஞ்சில் இருக்கின்றது.

ஸ்பெயின் தேசத்திலே சான் பெட்ரோ மன்ரிக்கே என்றொரு சிறு கிராமம். அவ்வூர்க் கத்தோலிக்க மக்கள் ஆண்டுதோறும் யூன் மாதத்தில், யோவான் அர்ச்சிஷ்டர் திருநாளை ஒட்டித் தீ மிதிக்கிறார்கள். பலர் தமக்கு அன்பான ஒருவரை முதுகிற் சுமந்துகொண்டே மிதிக்கிறார்கள். திமித்திரிஸ் ஸிகலாத்தாஸ், இவானா கொன்வலின்கா முதலிய ஆராய்ச்சியாளர்கள் அங்கே சென்று, சிலருடைய மார்பில் இருதயத் துடிப்பை அளக்கும் சிறு கருவிகளைக் கட்டிவிட்டார்கள். தீமிதித்தோர் 12 பேர். அவர்களுடைய உற்றார் உறவினராய்ப் பார்த்துக்கொண்டிருந்தோர் 9 பேர். எவ்வுறவுமின்றி வேடிக்கை பார்க்க வந்தோர் 17 பேர். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இதுதான்: தீமிதித்தவரின் இருதயத் துடிப்பு எப்படி ஏறி எப்படி இறங்கியதோ, அப்படியே இருக்கையில் அமர்ந்திருந்த உறவினரின் துடிப்பும் ஏறி இறங்கிற்று. வேடிக்கை பார்க்க வந்த அந்நியரிடத்தில் அவ்வொற்றுமை காணப்படவில்லை.

இதனைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். உறவினர் நடக்கவில்லை, ஆடவில்லை, தணலின் வெம்மை அவர்கள் மேற் படவில்லை. அந்நியர் கண்ட அதே காட்சியையே அவர்களும் கண்டார்கள். ஆயினும் அவர்களுடைய இருதயம் மாத்திரம் தீக்குழிக்குள் இறங்கிற்று. "தானாடாவிட்டாலும் தன் தசையாடும்" என்று நம்மவர் எத்தனையோ தலைமுறைகளாய்ச் சொல்லி வந்தனர். அப்பழமொழிக்கு இன்று ஒரு கருவி சாட்சி சொல்கின்றது.

அவ்வாராய்ச்சியில் இன்னொரு புதுமையும் வெளிப்பட்டது. தீமிதித்தவர்கள், "நாங்கள் மிக அமைதியாக இருந்தோம்" என்று உண்மையாகவே நம்பிச் சொன்னார்கள். அவர்கள் மார்பிற் கட்டிய கருவியோ, அந்நேரத்தில் இருதயம் மிகக் கடுமையான வேகத்தில் அடித்ததென்று காட்டிற்று. அன்றியும், மிதித்து முடிந்த உடனே கேட்டபோது நடந்ததில் மிகச் சிறிதே அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு மாதங்கள் சென்றபின் கேட்டபோதோ விரிவாகவும் உறுதியாகவும் சொன்னார்கள். ஆனால் சொன்னவற்றுட் பிழைகள் மிகுந்திருந்தன. உறுதி வேறு, உண்மை வேறு என்பதை இதனால் அறிகிறோம். "என் கண்ணாற் கண்டேன்" என்று ஒருவர் ஆணையிடும்போது அவர் பொய் சொல்லாதவராகவும் இருக்கலாம். சொல்வது பிழையாகவும் இருக்கலாம்.

கூட்டத்தில் இருதயங்கள் ஒத்துத் துடிப்பதற்குத் தீ அவசியமா? இல்லை. சுவீடன் தேசத்துக் கோதன்பேர்க் நகரத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், ஒன்றாகச் சேர்ந்து பாடுவோரின் இருதயத் துடிப்பு ஒன்றாகவே வேகம் கூடிக் குறைவதைக் காட்டினர். காரணம் எளிது. ஒரே அடியைப் பாடுவோர் ஒரே இடத்தில் மூச்சை விடுகிறார்கள். ஒரே இடத்தில் மூச்சை இழுக்கிறார்கள். மூச்சை விடும்போது துடிப்புத் தணியும், இழுக்கும்போது ஏறும். மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்குக் காலைப் பிரார்த்தனையிலே முந்நூறு பிள்ளைகள் ஒரே குரலாய்ப் பாடிய பாட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை மாலையிற் கோயில் மண்டபத்திற் பாடிய பஜனையும் தெரியும். பாட்டு வேறு, மொழி வேறு. மூச்சின் ஒழுங்கு இரண்டிலும் ஒன்றே. இனி, இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு பரிசோதனையில், தனியே துடுப்பு வலித்தவர்களைவிட ஒன்றுசேர்ந்து வலித்தவர்கள் அதன்பின் அதிக நோவைத் தாங்கக் கண்டனர். வலித்த வலிமையில் வேறுபாடில்லை. கூட இருந்தமையே வேறுபாடு.

நோவு என்று சொன்னோம். நோவின் கதை மனத்தின் கதையுட் பெரிய அத்தியாயம். இரண்டாம் உலக யுத்தத்திலே இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர் பணியாற்றினார். பலத்த காயமடைந்த போர்வீரருட் பெரும்பாலோர், நோவைத் தணிக்கும் மருந்து வேண்டாமென்று சொன்னதைக் கண்டு வியந்தார். அதே அளவான காயம்பட்ட நகரத்து மனிதர் அம்மருந்தைக் கேட்டு அலறுவர். போர்வீரனுக்கோ, அக்காயம் உயிர் தப்பி வீடு செல்வதற்கான சீட்டு. காயத்தின் அளவைப் போலவே காயத்தின் பொருளும் நோவை நிர்ணயிக்கின்றது என்று பீச்சர் கண்டார். நமது மூளையே அபினையொத்த ஒருவகைப் பொருளைச் சுரக்கின்றது என்பதை 1975ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், கொஸ்தர்லிற்ஸ் என்னும் இருவர் கண்டறிந்தனர். வெறும் நம்பிக்கையினால் நோவு தணியும்போதும் அத்தகைய பொருளே தொழிற்படுகின்றது என்பதற்குச் சான்று 1978ஆம் ஆண்டிற் கிடைத்தது. அபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, நம்பிக்கையால் வந்த சுகமும் மறைந்தது. ஆகவே "எல்லாம் மனப்பிராந்தி" என்று ஒதுக்குதல் சரியன்று. நம்பிக்கைக்கும் உடலில் ஒரு வேலைத்தலம் உண்டு.

இனி, நமக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருவோம். இந்து சமுத்திரத்தில் மொரீசியஸ் என்றொரு தீவு உண்டு. 1834ஆம் ஆண்டு தொடக்கம் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியத் தொழிலாளர் அங்கே ஒப்பந்தத்திற் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் தமிழரும் பலர். ஏறத்தாழ அதே காலத்தில், 1824ஆம் ஆண்டளவில், நமது கம்பளையை அடுத்த சிங்ஹப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். அங்கே கரும்பு, இங்கே கோப்பியும் பின்னர் தேயிலையும். இரு தீவினரும் ஒரே கரையிலிருந்து கப்பலேறிய உறவினர் என்றால் மிகையாகாது. மொரீசியஸ் தமிழர் பலர் இன்று வீட்டிலே பேசுவது கிரெயோல் மொழி. ஆயினும் தைப்பூசக் காவடியை அவர்கள் கைவிடவில்லை. அந்நாளை அரசாங்கமே பொது விடுமுறை நாளாக்கியுள்ளது.

முன்னர்ச் சொன்ன ஸிகலாத்தாஸும் அவருடைய கூட்டத்தாரும் அங்கே காவடியை ஆராய்ந்தனர். அலகு குத்தி, காவடி சுமந்து, நெடுந்தூரம் நடந்து ஆலயம் வந்தவர்கள் ஒரு பகுதியினர். அவர்களோடு கூடவே நடந்து வந்து, அலகு குத்தாதவர்கள் இன்னொரு பகுதியினர். அதே விழாக் காலத்திற் கூட்டுப் பிரார்த்தனையில் மாத்திரம் கலந்தவர்கள் மூன்றாம் பகுதியினர். ஒவ்வொருவருக்கும் சில கேள்விகளுக்கு விடை சொன்னதற்காக 200 மொரீசியஸ் ரூபா கொடுக்கப்பட்டது. பின், எவரும் காணாத தனியிடத்தில், விரும்பினால் அதிற் கோயிலுக்குத் தருமம் செய்யலாம் என்று ஏற்பாடு செய்தனர். பிரார்த்தனையிற் கலந்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய 81 ரூபா கொடுத்தனர். காவடி எடுத்தவர்கள் ஏறக்குறைய 133 ரூபா கொடுத்தனர். கூட நடந்தவர்களோ ஏறக்குறைய 161 ரூபா கொடுத்தனர்! நோவு அதிகம் என்று சொன்னவர்களின் கொடையும் அதிகமாயிருந்தது. 2013ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தது.

பிறர் படும் நோவைப் பக்கத்தில் நின்று கண்டவரின் கை, நோவு பட்டவரின் கையிலும் தாராளமாகத் திறந்தது என்பது சிந்திக்கத்தக்கது. இன்னும் ஒன்று. "நீர் உம்மை யாராக உணர்கிறீர்?" என்று கேட்டபோது, கடும் விரதத்தில் ஈடுபட்டோர் தம்மை இந்து என்பதைக் காட்டிலும் மொரீசியஸ் நாட்டவராக, அதாவது எல்லா இனத்தாரையும் அடக்கிய பெரிய குடும்பத்தினராக, உணர்ந்தனர். நமது சமயத்தின் மிகக் கடுமையான நேர்த்தியொன்று, உள்ளத்தின் வேலியை உயர்த்தாமல் அகலத் தள்ளிவிட்டது.

2019ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றொரு ஆராய்ச்சியில், காவடி எடுப்போரைச் சில வாரங்கள் தொடர்ந்து அளந்தனர். உடலுக்கு நிலைத்த தீங்கு ஏதும் தென்படவில்லை, மனச்சுகமோ கூடியிருந்தது. அதிக அலகு குத்தியவர்க்கே அச்சுகம் அதிகம். அதிக அலகு குத்தியவர் யார் என்று பார்த்தாலோ, நோயாளரும் ஏழைகளுமே அவர்களுட் பலர். இச்செய்தியைப் படித்தபோது எமது மனம் தோட்டங்களை நோக்கி ஓடிற்று. லயத்து அறையில் நாரி நோவோடு படுத்தெழும்பும் தாயார் ஏன் நேர்த்தி வைக்கிறார் என்பதைக் "கல்லாமை" என்ற ஒரு சொல்லிற் கூறிவிடுதல் எளிது. வேறெவரும் அவருடைய நோவுக்குப் பொருள் சொல்லவில்லை. திருவிழா சொன்னது என்பதே உண்மை. எனினும் மனச்சுகம் வேறு, நோய் தீர்தல் வேறு. நேர்த்தி, நீரிழிவைத் தீர்க்கும் என்றோ, நெஞ்சு நோவைத் தீர்க்கும் என்றோ அவ்வாராய்ச்சி சொல்லவில்லை. காவடியும் எடுக்கட்டும், கிளினிக்குக்கும் போகட்டும். கிளினிக்குக்குப் போகும் வழியையும் வசதியையும் உண்டாக்குவது அவருடைய பொறுப்பு மாத்திரமன்று, நமது பொறுப்புமாகும்.

பிரெஞ்சு அறிஞர் எமில் தூர்க்கெய்ம் என்பவர் 1912ஆம் ஆண்டில் எழுதிய நூலில், மக்கள் கூடி நிற்கும்போது அவர்களிடையே ஒருவகை மனக்கொதிப்பு எழுகின்றதென்றும், அதுவே சமூகத்தைக் கட்டி நிறுத்துகின்றதென்றும் கூறினார். அவர் கூறியதையே நூறாண்டுகளின் பின் கருவிகள் அளந்து காட்டின. ஆனால் நண்பர்களே, கொதிக்கும் நீர் சோறும் ஆக்கும்; கையையும் சுடும். இதற்கு உதாரணம் தேடி நாம் ஸ்பெயினுக்கோ மொரீசியஸுக்கோ போகவேண்டியதில்லை. நமது கம்பளை வீதியே போதும்.

வல்லஹகொட தேவாலயப் பெரஹரா, கம்பளை அம்பகமுவ வீதியிலுள்ள பள்ளிவாசலுக்கு முன்னால் மேளதாளத்துடன் செல்லலாமா என்ற பிணக்கு இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914ஆம் ஆண்டில் தேவாலயத்தார் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. மனங்கள் புகைந்தன. அவ்வாண்டு மே மாத இறுதியில் வெசாக் காலத்திலே கண்டியிற் கலகம் மூண்டு பல மாகாணங்களுக்கும் பரவிற்று. கடைகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன, அரசாங்கம் இராணுவச் சட்டம் பிறப்பித்தது. எத்தரப்பின் நியாயம் பெரிது என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கு வரவில்லை. உள்ளே நிற்பவரின் இருதயங்களை ஒன்றாக்கும் அதே மேள ஒலி, வெளியே நிற்பவரின் காதுக்கு வேறாகக் கேட்கலாம் என்பதையே சுட்டிக் காட்டுகிறோம். ஸ்பெயினில் அந்நியரின் இருதயம் ஒத்துத் துடிக்கவில்லை என்று முன்னர்க் கண்டோமன்றோ? அந்த அந்நியருக்கும் நமக்கும் இடையே என்ன இருக்கின்றது என்பதைப் பொறுத்தே ஊரின் நன்மையும் தீமையும் அமைகின்றன.

அன்று கூட்டம் கூடுவதற்கு வீதி வேண்டியிருந்தது. இன்று வீதியும் வேண்டாம். கைக்குள்ளேயே கூட்டம் இருக்கின்றது. 2012ஆம் ஆண்டிலே பேஸ்புக் நிறுவனத்தார் 6,89,003 பேரிடத்தில், அவர்களுக்குத் தனியே அறிவிக்காமல், ஒரு பரிசோதனை நடத்தினர். சிலருக்கு நண்பர்களின் மகிழ்ச்சியான செய்திகளைக் குறைத்தனர். வேறு சிலருக்குத் துயரமான செய்திகளைக் குறைத்தனர். மகிழ்ச்சி குறைக்கப்பட்டவர் தாமும் சற்றுச் சோர்வாக எழுதினர். துயரம் குறைக்கப்பட்டவர் சற்று உற்சாகமாக எழுதினர். வேறுபாடு மிகச் சிறிது. எனினும் முகம் காணாமலே, குரல் கேளாமலே மனத்தின் நிறம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் என்பது புலனாயிற்று. 2014ஆம் ஆண்டில் இது வெளிவந்தபோது, அனுமதி பெறாமல் மனத்தோடு விளையாடியது முறையா என்று உலகமே கேட்டது.

அதன் பின் நான்கு ஆண்டுகளுள் அவ்வினா நம் வாசலுக்கே வந்தது. 2018 பெப்ரவரி மாதக் கடைசியில் அம்பாறையில், ஒரு முஸ்லிம் உணவுக் கடையிற் கறியுடன் மலட்டு மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்றொரு வதந்தி படத்துடன் பரவிற்று. அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி என்று கண்டார். ஆனால் மாவுக் கட்டியின் உண்மை நடந்து வருமுன் வதந்தி பறந்துவிட்டது. மார்ச் மாதத்தில் நமது கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. சமூக வலைத்தளங்கள் சில நாட்கள் தடைசெய்யப்பட்டன. அக்காலத்திலே தமது தளம் பயன்பட்ட விதத்திற்காகப் பேஸ்புக் நிறுவனத்தார் 2020ஆம் ஆண்டிலே மன்னிப்புக் கேட்டனர். 1915இல் மேளம் செய்ததை 2018இல் ஒரு கையடக்கத் தொலைபேசி செய்தது. கருவி மாறிற்று, மனம் மாறவில்லை.

நாளைக்கு வரும் கருவிகள் எத்தகையன? அவற்றுட் சில இன்றே நம்மிடையே உள்ளன. இச்சபையிலிருக்கும் இளைஞர் சிலரின் மணிக்கட்டில் இருதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரம் இருக்கின்றது. அதன் அடிப்புறத்தில் ஒரு சிறு பச்சை ஒளி மின்னும். இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் நாளத்தில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அதை எண்ணினாற் துடிப்புத் தெரியும். ஸ்பெயினுக்கு ஆராய்ச்சியாளர் சுமந்து சென்ற கருவியின் வேலையை இன்று பெட்டிக்கடையிற் பால் தேநீர் குடிக்கும் இளைஞனின் கடிகாரம் செய்கின்றது. மூளையினுள்ளேயே கருவி வைக்கும் காலமும் வந்துவிட்டது. கை கால் அசைக்க இயலாத ஒருவருக்கு 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூராலிங்க் நிறுவனத்தார் அத்தகைய கருவியைப் பொருத்தினர். அவர் நினைப்பினாலேயே கணனித் திரையிற் குறியை நகர்த்தினார். முடமானவருக்கு இது பெரும் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒரு வினாவை நாம் இன்றே கேட்டுவைக்க வேண்டும். சாமி பல்லக்கில் வரும்போது என் நெஞ்சு எத்தனை முறை துடித்தது என்பது யாருடைய உடைமை? அச்சத்தில் எப்பொழுது துடிக்கும், கோபத்தில் எப்பொழுது துடிக்கும், கையை எப்பொழுது திறந்து கொடுக்கும் என்று அறிந்தவன், அந்நேரம் பார்த்துப் பொருளையும் விற்கலாம், பகையையும் விற்கலாம். இலங்கைப் பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினாலே தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க வழி செய்தது. சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. அதைப் படித்து ஊராருக்கு எளிய தமிழிற் சொல்லும் வேலை படித்த வாலிபருடையது.

பெரியோர்களே, இவற்றையெல்லாம் கேட்டபின் நாம் செய்யத்தக்கவை யாவை? நான்கு யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கின்றோம்.

ஒன்று: தீக்குழி அமைக்கும்போது கல், ஆணி, இரும்பு யாவற்றையும் அரித்தெடுத்துவிட்டு, அருகில் நீரும் முதலுதவிப் பெட்டியும் வைப்போம். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மிதிப்பதைத் தவிர்க்கும்படி அன்போடு வேண்டுவோம். அம்மன் கோபிக்கமாட்டாள்.

இரண்டு: திருவிழா நாளில் மனிதரின் கை தானாகத் திறக்கின்றது என்று அறிந்தோம். அவ்வாறு திறந்த கையிலிருந்து பெற்ற பணத்திற்குக் கணக்குக் காட்டுதல் நமது கடமை. வரவு செலவை ஆலய வாயிலில் ஒட்டுவோம். அதில் ஒரு பங்கை, பாடப் புத்தகமும் சப்பாத்தும் இல்லாமற் பள்ளிக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம்.

மூன்று: நமது தேர் எவ்வீதியால் வருகின்றது, எந்நேரத்தில் வருகின்றது என்பதை அவ்வீதியிலுள்ள விகாரையாரோடும் பள்ளிவாசலாரோடும் முன்கூட்டியே பேசுவோம். பார்த்து நிற்க அழைப்போம். மோரும் பானக்கமும் கொடுப்போம். அந்நியராய் நின்றவர் அயலவராய் நின்றால், இருதயம் ஒத்துத் துடிக்கவும் கூடும்.

நான்கு: தொலைபேசியிற் கோபமூட்டும் செய்தி வந்தால், ஓர் இரவு பொறுத்து, விசாரித்து, அதன் பின்னரே மற்றவருக்கு அனுப்புவோம். பத்திற்கு ஒன்பது செய்தி அவ்விரவைத் தாண்டமாட்டாது என்பது எமது எண்ணம்.

விஞ்ஞானம் வந்தால் பக்தி போய்விடும் என்று அஞ்சுவோருமுண்டு. பக்தி இருந்தால் விஞ்ஞானம் வராது என்று பழிப்போருமுண்டு. இன்று நாம் கண்ட ஆராய்ச்சிகள் எவையும் கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ கூறவில்லை. அது அவற்றின் அளவுகோலுக்குள் அடங்கும் பொருளன்று. அவை கூறுவது மனிதனைப் பற்றியே. தனியே தாங்கமுடியாத நோவை மனிதன் கூடித் தாங்குகிறான். தனியே கொடுக்காததைக் கூடிக் கொடுக்கிறான். தனியே செய்ய நாணும் கொடுமையையும் கூடிச் செய்துவிடுகிறான். எந்தக் கூட்டத்தில் நிற்பது, எதற்காக நிற்பது என்பதை மாத்திரம் ஒவ்வொருவனும் தனியே தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது. அத்தீர்மானத்தைச் செய்யத்தக்க அறிவை வாலிபருக்குக் கொடுப்பதற்கே இத்தகைய சங்கங்கள் உள்ளன.